முதுகு வலிக்கு எது முதல் வாசல்?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வீடு மாறும்போது, புத்தகக் கட்டு ஒன்றைக் குனிந்து தூக்கினேன். நிமிர முடியவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பாடம் நடத்தியபோது ஒருநாளும் தொல்லை தராத முதுகு, அன்று தன் இருப்பை உணர்த்தியது. மறுநாள் நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றேன். என்னைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்து வரும்படி மருத்துவர் சொன்னார். மூன்று இடங்களில் டிஸ்க் புடைப்பு, பரவலான தேய்மானம் என்றது அறிக்கை. இடுப்புக்கு ஒரு பெல்ட், மூன்று வகை மாத்திரைகள், முழு ஓய்வு. குணமாகாவிட்டால் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை. வீடு திரும்பும்போது வலியைவிட அந்த அறிக்கைதான் அதிகம் கனத்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நண்பரின் மகள் என்னைப் பார்க்க வந்தார். அவர் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவர். ஸ்கேன் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, என்னிடம் கேள்விகள் கேட்கத் தொடங்கினார். எப்போது தொடங்கியது, காலில் இறங்குகிறதா, இரவில் எழுப்புகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு கால்களைத் தூக்கச் சொன்னார். பாதத்தை அழுத்தச் சொன்னார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார். இறுதியில், "மாமா, இதில் பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் வயதில் யாரைப் படம் எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும். படுக்காதீர்கள், நடங்கள்" என்றார். ஆறு வாரங்களில் வழக்கம்போல நடமாடினேன்.

நன்றி சொன்னபோது அவர் சொன்ன மறுமொழிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "இன்று ஞாயிறு. அதனால் உங்களுக்கு இருபது நிமிடம் கொடுக்க முடிந்தது. நாளை என் புறநோயாளிகள் வரிசையில் நூறு பேருக்கு மேல் நிற்பார்கள். அவர்களில் பலருக்கு இடுப்பு வலி, மூட்டு வலி. ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. மாத்திரை எழுதித்தான் அனுப்புவேன்."

பேராசிரியருக்குக் கிடைத்த இருபது நிமிடம், நாற்று நடும் பெண்ணுக்கு ஏன் கிடைப்பதில்லை? இது மருத்துவக் கேள்வி மட்டுமல்ல, பொருளியல் கேள்வியும்கூட.

உயிரைப் பறிக்காத நோய்களுக்கு அரசியலில் குரல் குறைவு. மாரடைப்பும் புற்றுநோயும் அச்சுறுத்துவதுபோல் மூட்டு வலி யாரையும் அச்சுறுத்துவதில்லை. ஆனால், மனிதர்கள் இயலாமையுடன் கழிக்கும் ஆண்டுகளைக் கணக்கிட்டால் உலக அளவில் முதலிடம் வகிப்பது கீழ்முதுகு வலிதான். 2020-இல் உலகில் சுமார் 61.9 கோடிப் பேர் இந்த வலியுடன் வாழ்ந்தனர் என்றும், 2050-இல் அந்த எண்ணிக்கை 84.3 கோடியைத் தொடும் என்றும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டுள்ளது. தசை, எலும்பு, மூட்டு சார்ந்த எல்லாச் சிக்கல்களையும் சேர்த்தால், பாதிக்கப்பட்டோர் சுமார் 171 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உடலுழைப்பை நம்பி வாழும் குடும்பத்துக்கு முதுகுதான் மூலதனம். 2025-26-ஆம் ஆண்டுக்கு, ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் ஊதியம் 336 ரூபாய். அதை முழுமையாகப் பெறுபவர்கூட, பத்து நாள் படுத்துவிட்டால் 3,360 ரூபாயை இழக்கிறார். அதன்மேல் ஸ்கேன் செலவு சில ஆயிரம் ரூபாய். மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ பெறுபவருக்கு முதுகு வலி ஓர் அசௌகரியம். தினக்கூலி பெறுபவருக்கு அது ஒரு கடன்.

இந்த வலியைப் பற்றி மருத்துவ அறிவியல் இன்று என்ன சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆரம்ப நிலை மருத்துவத்தை நாடி வருவோரில் சுமார் 90 சதவீதம் பேரின் கீழ்முதுகு வலிக்கு, குறிப்பிட்ட ஒரு நோயையோ சிதைவையோ காரணமாகச் சுட்டிக்காட்ட முடியாது. அந்த வலி பொய் என்று இதற்குப் பொருளல்ல. தசை, தசைநார், மூட்டு, உறக்கம், மனநிலை, வேலைச் சூழல் ஆகிய பல இழைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு அது. புதிதாக வந்த வலி பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் கணிசமாகக் குறைந்துவிடும்.

அப்படியானால் ஸ்கேனில் தெரிகிறதே, அது என்ன? 2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களை அலசியது. அவர்களில் 20 வயதினரிலேயே 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதினரில் அது 96 சதவீதம். டிஸ்க் புடைப்பு 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் காணப்பட்டது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. தலைமுடி நரைப்பதுபோல் முதுகெலும்பும் வயதைக் காட்டுகிறது. நரையை நோய் என்று நாம் சொல்வதில்லை. முதுகெலும்பின் நரையை மட்டும் நோயாக்கி, அதற்கு அறிக்கை எழுதிக் கொடுக்கிறோம்.

தேய்மானம் என்ற சொல்லைப் பற்றி இங்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பொருளியல் மாணவருக்கும் வணிகவியல் மாணவருக்கும் அது பழகிய சொல். வாங்கிய நாளிலிருந்தே ஓர் இயந்திரம் மதிப்பிழக்கிறது. ஓட ஓடத் தேய்கிறது. ஒருநாள் கணக்கேட்டில் அதன் மதிப்பு பூஜ்யமாகிப் பழைய இரும்பாகிறது. எலும்பு தேய்ந்துவிட்டது, ஜவ்வு விலகிவிட்டது என்று கேட்கும் நோயாளியின் மனதிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. மிச்சமிருப்பதையாவது சேமிப்போம் என்று நடையைக் குறைக்கிறார், குனிவதை நிறுத்துகிறார், பேரக்குழந்தையைத் தூக்க அஞ்சுகிறார். இயந்திரத்துக்குப் பொருந்தும் விதி உயிருள்ள உடலுக்குப் பொருந்தாது. பயன்படுத்தாத தசை மெலிகிறது. மெலிந்த தசை மூட்டின் சுமையைக் கூட்டுகிறது. வலி மேலும் வளர்கிறது. அளவறிந்து பயன்படுத்தினால் தசையும் எலும்பும் வலுப்பெறுகின்றன. கவனமின்றிச் சொல்லப்பட்ட ஒரு சொல், வலியைவிட அதிகமாக ஒருவரை முடக்கிப்போட முடியும்.

இப்படிச் சொல்வதால் எல்லா வலியையும் சாதாரணம் என்று ஒதுக்கிவிடலாம் என்று கருதிவிடக் கூடாது. பெரும்பான்மையான சாதாரண வலிகளுக்கிடையே மறைந்திருக்கும் சிறுபான்மையான ஆபத்தான வலிகளைப் பிரித்தறிவதே முதல்நிலை மருத்துவரின் உண்மையான திறமை. காய்ச்சல், காரணமற்ற எடை இழப்பு, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, ஓய்விலும் குறையாத இரவு நேர வலி, முதியவருக்குக் கீழே விழுந்தபின் வரும் திடீர் வலி, காலில் கூடிக்கொண்டே போகும் பலவீனம் ஆகியவை அபாய அறிகுறிகள். முதுகு வலியுடன் சிறுநீர், மலக் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்குப் பகுதி மரத்துப் போனாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயையும் கூடுதலாக மனதில் கொள்ள வேண்டும்.

வீக்கத்தால் வரும் வலியும் உண்டு. காலையில் எழுந்ததும் அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, விரல்களின் சிறு மூட்டுகளில் வீக்கம் ஆகியவை முடக்குவாதத்தைச் சுட்டும். ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறையும் முதுகு வலி ஓர் இளைஞருக்கு மாதக்கணக்கில் நீடித்தால், அது முதுகெலும்பைப் படிப்படியாக இறுக்கிவிடும் அழற்சி நோயாக இருக்கலாம். இவர்களை விரைவாகக் கண்டறிந்து மூட்டுநோய் நிபுணரிடம் அனுப்பினால், வாழ்நாள் முடக்கத்தைத் தவிர்க்கலாம். 2006-இல் தமிழகத்தில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டுகள் வலித்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். எல்லா மூட்டு வலியும் தேய்மானமல்ல என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இந்த வேறுபாடுகளைக் கண்டறியப் பெரும்பாலும் தேவைப்படுபவை மூன்றுதான்: பொறுமையான கேள்விகள், பயிற்சி பெற்ற கைகள், சற்றே நேரம். சந்தேகம் எழும்போது இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் துணைக்கு வர வேண்டும். கேள்விகளுக்கு முன்பே ஸ்கேன் வந்துவிட்டால், நரையைக் கண்டு நோய் என்று அஞ்சுவதும், நோயைக் கோட்டைவிடுவதும் ஒருசேர நிகழும்.

சிகிச்சையிலும் இதே கதைதான். திடீர் கீழ்முதுகு வலிக்குப் பாராசிட்டமால் மாத்திரை வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாகச் செயல்படவில்லை என்பதை, ஆஸ்திரேலியாவில் 1,652 பேரிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. கடுமையான ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளும் அப்படியே என்பதை அதே நாட்டில் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வு 2023-இல் காட்டியது. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் குறுகிய காலத்துக்கு ஓரளவு பயன் தருகின்றன. ஆனால், மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால், இரைப்பையில் இரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம். வெயிலில் நீரிழந்து உழைப்பவருக்கும், ஏற்கெனவே நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு வேளை வலியைத் தணித்து, ஒரு சிறுநீரகத்தை விலையாகக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் லாபமல்ல.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஆரம்ப, சமுதாய மருத்துவ நிலைகளில் பின்பற்ற வேண்டிய வழிகாட்டுதல்களை முதன்முறையாக வெளியிட்டது. நோயாளிக்கு வலியைப் பற்றி விளக்குதல், உடற்பயிற்சி, மனநல ஆலோசனை, தேவையான அளவு மருந்து ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட், இழுவைச் சிகிச்சை எனப்படும் டிராக்‌ஷன், ஓபியாய்டு மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நம் ஊர்களில் எவை அதிகம் விற்பனையாகின்றனவோ அவற்றில் சில, வேண்டாதவற்றின் பட்டியலில் இருக்கின்றன.

நடை பற்றிய ஆய்வு இன்னும் எளிமையானது. முதுகு வலி வந்து குணமான 701 பேரில் ஒரு பகுதியினருக்கு, இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலுடன் படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சி தரப்பட்டது. மறுபடி வலி வருவதற்கான இடைநிலைக் கால அளவு, பயிற்சி பெறாதவர்களுக்கு 112 நாளாகவும், நடந்தவர்களுக்கு 208 நாளாகவும் இருந்தது. 2024-இல் வெளியான முடிவு இது. காலணி விலைக்குமேல் அதிகச் செலவில்லாத சிகிச்சை.

முழங்கால் மூட்டிலும் அறுவை சிகிச்சை எப்போதும் உயர்ந்த சிகிச்சையாக இருப்பதில்லை. மூட்டுத் தேய்மானத்துக்கு உள்நோக்கிக் கருவி மூலம் மூட்டைக் கழுவியும் சுரண்டியும் செய்யும் அறுவை சிகிச்சை ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. அமெரிக்காவில் 180 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தோலை மட்டும் கீறித் தைத்துவிட்ட போலி அறுவை சிகிச்சையும் அதே பலனைத்தான் தந்தது. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, எடைக் குறைப்பு ஆகியவையே இன்றும் முதல் சிகிச்சை. முற்றிய நிலையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பலருக்கு மறுவாழ்வு தருகிறது என்பதில் ஐயமில்லை. கடைசி வாசலாக இருக்க வேண்டியது முதல் வாசலாகிவிடக் கூடாது என்பதே கவலை.

அறிவு இவ்வளவு தெளிவாக இருக்க, நடைமுறை ஏன் எதிர்த் திசையில் போகிறது? மருத்துவர்களின் பேராசை என்று ஒரே வரியில் முடிப்பது எளிது. அது நியாயமுமல்ல, முழு உண்மையுமல்ல. 1963-இல் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ, மருத்துவச் சந்தை மற்ற சந்தைகளைப் போன்றதல்ல என்று விளக்கினார். கத்தரிக்காய் வாங்குபவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். நோயாளிக்கு அது தெரியாது. என்ன வேண்டும் என்பதையும் விற்பவரே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தகவல் சமமின்மை உள்ள இடத்தில், எதற்குப் பணம் கிடைக்கிறதோ அது பெருகும். எதற்குக் கிடைக்கவில்லையோ அது அருகிப்போகும்.

எதற்குப் பணம் கிடைக்கிறது என்று பார்ப்போம். 2018 செப்டம்பரில் தொடங்கிய மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு வழங்குகிறது. புறநோயாளியாகப் பெறும் ஆலோசனைக்கும் பயிற்சிக்கும் அதில் இடமில்லை. 2009-இல் தமிழகம் தொடங்கிய காப்பீட்டுத் திட்டமும் அதன் தொடர்ச்சியும் ஏழைகளுக்குப் பெரும் துணை என்பதை மறுக்க முடியாது. ஆனால், அவற்றின் மையமும் பெரும்பாலும் அறுவை சிகிச்சையும் உள்நோயாளி சிகிச்சையும்தான். தனியார் காப்பீட்டின் கதையும் இதுவே. முதுகைத் திறந்தால் பணம் உண்டு. முதுகைப் பற்றி இருபது நிமிடம் பேசினால் பணம் இல்லை.

நேரத்தின் பற்றாக்குறை இன்னொரு காரணம். 67 நாடுகளில் முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தை ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வெளியானது. ஸ்வீடனில் 22.5 நிமிடம், இந்தியாவில் சுமார் 2 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. இரண்டு நிமிடத்தில் மாத்திரை எழுதலாம். ஸ்கேனுக்குச் சீட்டு எழுதலாம். அபாய அறிகுறிகளைக் கேட்டறிந்து, உடலைச் சோதித்து, அச்சத்தைத் தெளிவித்து, பயிற்சி கற்றுத்தர முடியாது.

திட்ட வகுப்பாளர்களின் பார்வையும் இதில் சேர்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் மேம்படுத்தப்பட்ட ஆரம்ப நிலை மையங்களுக்கு 12 வகைச் சேவைகள் வரையறுக்கப்பட்டன. மகப்பேறு, தொற்றுநோய், நீரிழிவு, கண், பல், மனநலம், முதியோர் நலம் எல்லாம் அதில் உண்டு. தசை, எலும்பு, மூட்டு வலிக்குத் தனி வகை இல்லை. புறநோயாளிகள் வரிசையில் அன்றாடம் நிற்கும் நோய், கொள்கைப் பட்டியலில் நிற்கவில்லை.

ஸ்கேன் எடுக்காவிட்டால் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று மருத்துவர்கள் சிலர் சொல்வதுண்டு. ஊசி போடாத மருத்துவரை மக்கள் மதிப்பதில்லை என்ற பழைய புகாரின் புது வடிவம் இது. இதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பதில் சொன்னது. முதுகு வலி வந்தால் படுத்துவிடாதீர்கள், இயங்கிக்கொண்டே இருங்கள் என்ற செய்தியுடன், அம்மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டு அமைப்பு 1997-இல் தொலைக்காட்சிப் பிரசாரம் தொடங்கியது. மக்களின் நம்பிக்கைகள் மாறின. மருத்துவர்களின் நம்பிக்கைகளும் மாறின. முதுகு வலிக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. பிரசாரம் செய்யாத அண்டை மாநிலமான நியூ சௌத் வேல்ஸில் அத்தகைய மனமாற்றம் காணப்படவில்லை. மக்கள் கேட்பது ஸ்கேனை அல்ல, உறுதியை. அதைச் சொல்லால் தரத் தெரிந்தால் படத்தால் தர வேண்டியதில்லை.

குறைந்த செலவில் தருவது தரம் குறைந்ததாகத்தானே இருக்கும் என்ற ஐயமும் எழலாம். பிரிட்டனின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்பது எளிய கேள்விகளைக் கொண்டு முதுகு வலியாளர்களை மூன்று பிரிவாகப் பிரித்தனர். நீடித்த முடக்கத்துக்கான வாய்ப்பு குறைந்தவருக்கு விளக்கமும் ஆறுதலும், நடுத்தரமானவருக்குப் பயிற்சி, அச்சமும் மனச்சோர்வும் மிகுந்தவருக்கு அதற்கேற்ற கூடுதல் கவனம். 851 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட இந்த ஆய்வில், நோயாளிகளின் நிலை வழக்கமான சிகிச்சையைவிட மேம்பட்டது; செலவும் குறைந்தது. பயனும் சிக்கனமும் ஒரே திசையில் போகும் வாய்ப்பு பொருளியலில் அரிது. கிடைக்கும்போது அதைத் தவறவிடுவது மடமை.

உண்மையில், இத்தகைய பாடத்தை உலகுக்கு முதலில் கற்பித்த நகரங்களில் ஒன்று சென்னை. 1956-இல் இங்கு நிறுவப்பட்ட காசநோய் வேதிச் சிகிச்சை மையம் ஒரு துணிச்சலான ஒப்பீட்டை நடத்தியது. ஒரு பிரிவு நோயாளிகள் சானடோரியத்தில் படுக்கையும் சத்துணவும் பெற்றனர். மற்றொரு பிரிவினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலிருந்தே மருந்து சாப்பிட்டனர். 1959-இல் வெளியான முடிவு உலகை வியக்கவைத்தது. வீட்டுச் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையாகவே பலன் தந்தது. அதன்பின் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை கட்டடங்களை விட்டு மக்களிடம் வந்தது. ஏழை நாடு தன் வறுமையின் நிர்ப்பந்தத்தால் கேட்ட கேள்வி, பணக்கார நாடுகளின் வழக்கத்தையும் மாற்றியது. வலிச் சிகிச்சையிலும் அந்தக் கேள்வியை நாம் கேட்கலாம்.

அதற்கான அடித்தளமும் நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறைச் சிகிச்சை வீடு தேடிச் செல்கிறது. படுக்கையில் விழுந்தவருக்குக் கிடைக்கும் அந்தச் சேவை, படுக்கையில் விழாமல் தடுக்கப்பட வேண்டியவருக்கும் கிடைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் முழுநேர இயன்முறை மருத்துவர் ஒருவர் வேண்டும் என்பது அதிகப்படியான கோரிக்கையல்ல.

சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு இருபது நிமிடம் என்றால், ஆறு மணி நேரத்தில் 18 பேர். ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் 4,500 சந்திப்புகள். ஒருவருக்கு மூன்று சந்திப்புகள் என்று வைத்தால் 1,500 பேர். ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் சுமார் 30,000 மக்களுக்கானது. அப்படியானால் அப்பகுதி மக்களில் 5 சதவீதத்தினருக்கு ஒவ்வோர் ஆண்டும் முறையான கவனிப்பு கிடைக்கும். செலவு, ஒருவரின் ஊதியமும் ஒரு பாயும் ஓர் அறையும். 2021-இல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவத்துக்கு முறைப்படியான தகுதி வரையறையையும் தந்திருக்கிறது. பட்டம் பெற்றுத் தகுந்த வேலையின்றி இருக்கும் இளைஞர்களுக்கும் இது வழிகாட்டும்.

காப்பீட்டின் விதிகளும் மாற வேண்டும். அவசர நிலையோ அபாய அறிகுறியோ இல்லாத முதுகு, முழங்கால் வலிக்கு, திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குப் பணம் தருவதற்கு முன், குறிப்பிட்ட காலப் பயிற்சிச் சிகிச்சை முயலப்பட்டதா என்று காப்பீட்டாளர் கேட்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கும் பணம் தர வேண்டும். முன்னதை மட்டும் செய்து பின்னதை விட்டுவிட்டால், ஏழைக்கு இரண்டும் கிடைக்காமல் போகும். ஸ்கேன் அறிக்கைகளில், இந்த மாற்றங்கள் வலியில்லாத இதே வயதினரிடமும் பரவலாகக் காணப்படுபவை என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்குச் செலவேதுமில்லை. அந்த ஒரு வரி என் கையில் அன்று இருந்திருந்தால், மூன்று இரவுகள் தூங்கியிருப்பேன்.

மருத்துவமனைக்கு வெளியிலும் வேலை இருக்கிறது. நின்றுகொண்டே பத்து மணி நேரம் துணி விற்கும் பெண்ணிடம் நன்றாக ஓய்வெடுங்கள் என்பது கேலி. 2021-இல் தமிழகம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை வழங்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேரளம் 2018-இலேயே அதைச் செய்தது. இது தொழிலாளர் சட்டம் மட்டுமல்ல, மிகச் சிறந்த மருத்துவச் சீட்டும்கூட. எத்தனை கடைகளில் அந்த இருக்கை உண்மையில் இருக்கிறது, இருந்தாலும் அமர அனுமதி இருக்கிறதா என்பதை ஆய்வாளர்கள் பார்க்க வேண்டும். வயது வந்த ஆண் ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று 1967-லேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது. யூரியா மூட்டை 2018-இல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தபோது, அதற்குச் சொன்ன காரணம் உரப் பயன்பாட்டைக் குறைப்பது. சுமப்பவரின் முதுகுக்காகவும் மூட்டையின் எடையைக் குறைக்கலாம் என்று நமக்கு ஏன் தோன்றுவதில்லை?

என் நண்பரின் மகள் சொன்ன அந்தத் திங்கட்கிழமை வரிசை, இந்த வாரமும் அதே இடத்தில் நிற்கும். அதில் நிற்கும் ஒரு பெண், பாதி நாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி வந்திருப்பார். அவர் கையில் கடைசியில் என்ன இருக்கும் என்பதை நாம் வகுக்கும் விதிகளே தீர்மானிக்கின்றன. பத்து மாத்திரைகள் கொண்ட ஒரு பட்டையும், எலும்பு தேய்ந்துவிட்டது என்ற அச்சமும் இருக்கலாம். அல்லது, தன் உடலைத் தொட்டுப் பார்த்து ஆபத்தில்லை என்று ஒருவர் சொன்ன உறுதியும், வீட்டில் செய்ய நான்கு பயிற்சிகளும் இருக்கலாம். இரண்டாவதற்கு ஆகும் செலவு ஓர் அறுவை சிகிச்சையின் செலவில் மிகச் சிறு பங்கு. எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவின் உரிமையால் கிடைத்தது. அவருக்கு அது திங்கட்கிழமையன்று, குடிமகள் என்ற உரிமையால் கிடைக்க வேண்டும்.